காவிரிக் கரைச் சாலைக்குக் கருப்பு ரோட்ஸ்டர் சைக்கிள் போதுமா?

திருவானைக்காவலை விட்டுக் கிழக்கே கிளம்பினால் உத்தமர்சீலி, கிளிக்கூடு, கல்லணை. அங்கிருந்து தோகூர், கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி. அப்புறம் திருப்பூந்துருத்தி, கண்டியூர், திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். மொத்தம் 90 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வழி நெடுக ஆறோ வாய்க்காலோ கூடவே வரும். மிச்சம் வாழையும் நெல்லும். பெரிய வண்டிகளெல்லாம் தஞ்சாவூர் நெடுஞ்சாலையைப் பிடித்துப் போய்விடுவதால் இந்தப் பக்கம் டவுன் பஸ், டிராக்டர், டூவீலர் தவிரப் பெரிய தொந்தரவு இல்லை. திருச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கும்பகோணம் சுமார் 25. தண்ணீர் போகிற வாக்கிலேயே போனால் ஏற்றம் என்று சொல்லப் பாலங்களின் இரண்டு தலைப்பும்தான் உண்டு.

இதற்குப் போய் 21 கியர் ஹைபிரிட் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் வைத்த பழைய மாதிரி கருப்பு ரோட்ஸ்டரே போதும். பால் கேனும் கீரைக்கட்டும் சுமக்கிற அதே சைக்கிள்தான். ஆனால் கடையிலிருந்து எடுத்த கையோடு ஓட்டினால் முதல் நாளே வெறுத்துப்போகும். சில வேலைகள் செய்துகொள்ள வேண்டும். சில குறைகளுக்கு மருந்தே கிடையாது. இரண்டையும் பார்ப்போம்.

லூதியானாக் கம்பெனிகளோ அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸோ, யார் செய்தாலும் இந்த மாதிரிக்கு அச்சு ஒன்றுதான். சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினமாகப் பார்த்து, நின்றுபோனது. அதனால் அட்லஸ் வைத்திருந்தவர்கள் உதிரி கிடைக்காமல் திண்டாடினார்களா என்றால் இல்லை. ஒரு கம்பெனி சாமான் இன்னொன்றில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். இந்த வண்டியின் முதல் பலமே அதுதான். டயர் அளவு 28 × 1½, அதாவது 40-635 (அகலம் 40, ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர்). திருக்காட்டுப்பள்ளி மாதிரி ஊரில் சைக்கிள் கடைக்காரரிடம் இந்த டயரையும் டியூபையும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஹைபிரிடுக்கான 700சி டியூபைக் கேட்டால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கை காட்டுவார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி இருக்கும்வரை ஊர்ப்பக்கம் கியர் இல்லாத சைக்கிளுக்குக் கை வைக்க ஆள் இருப்பார்கள். கியர் வண்டியில் செயினைப் பல் மாற்றும் டிரெய்லியரின் கொக்கி வளைந்துவிட்டால் அந்த நம்பிக்கை கிடையாது.

பிரேம் 20, 22, 24 அங்குலங்களில் வருகிறது. கடையில் முன்னால் நிற்பது பெரும்பாலும் 24 அங்குல டபுள் பார். சுமை ஏற்றுகிறவர்களுக்கு ஆனது. ஐந்தரை அடிக்குக் கீழே இருப்பவர்கள் கடைக்காரர் என்ன சொன்னாலும் 22 கேளுங்கள். பாரின் இருபுறமும் கால் போட்டு நின்றால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். சீட்டை ஏற்றிக்கொள்ளலாம், பாரை இறக்க முடியாது. வேட்டியோ சேலையோ கட்டி ஓட்டுகிறவர்கள் முழுச் செயின் கவர் உள்ளதாக வாங்குவது நல்லது.

வண்டியின் எடை சுமார் 20 கிலோ. சமதரையில் வேகம் பிடித்த பிறகு இந்த எடை தெரியாது. நீளமான சக்கர இடைவெளியும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையான போர்க் சாய்ந்தும் இருப்பதால் குழி, வேகத்தடை, பாலத்து இணைப்பு எல்லாம் அரைகுறையாகத்தான் உடம்புக்கு வந்து சேரும். மெதுவாகப் போனாலும் ஹேண்டில் அலையாது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே போக விரும்புகிறவருக்கு இது பெரிய விஷயம்.

முதலில் மாற்ற வேண்டியது ப்ரீவீல், அதாவது பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பதுதான் வழக்கமான கணக்கு. 40-635 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.25 மீட்டர், ஆக பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. காலை ஒன்பது மணி வெயிலில் எதிர்காற்றில் இதைத் தள்ளினால் முழங்கால் பேசும். 20 பல் ப்ரீவீல் போட்டால் சுற்றுக்கு 4.9 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. 22 பல்லுக்குப் போனால் 16-ஐத் தொடும். கும்பகோணம்வரை ஒரே நாளில் போக நினைப்பவருக்கு 20 சரி. கேரியரில் பத்துக் கிலோவுக்கு மேல் கட்டுகிறவர் 22 போட்டுக்கொள்ளலாம். பல் கூடும்போது செயின் பற்றாமல் போகலாம். பின் சக்கரத்தைக் காடியில் முன்னே தள்ளிப் பார்த்து, அப்படியும் எட்டாவிட்டால் ஒரு கண்ணி சேர்க்க வேண்டும். செயினை அரை அங்குலமாவது மேலும் கீழும் ஆடுகிற மாதிரி விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் பால்ரஸ் குண்டுகள்தான் முதலில் போகும்.

இரண்டாவது ஓவராயில், அதாவது முழுக்கப் பிரித்துக் கழுவிப் பூட்டுவது. புது வண்டிக்கு எதற்கு என்று கடைக்காரரே கேட்பார். ஆலையிலிருந்து வரும் ஹப்பிலும் பெடல் அச்சுக் கூட்டிலும் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும், குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனின் இறுக்கமும் அளவாக இருக்காது. முன் ஹப்பில் 3/16 அங்குல பால்ரஸ், பின் ஹப்பிலும் அச்சுக் கூட்டிலும் கால் அங்குலம். பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். சரியாகப் பூட்டிய முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்வின் கனமே அதைக் கீழே இழுத்து, இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுத்தான் நிற்கும். பாதியில் விறைத்து நின்றால் கோன் இறுக்கம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கடகட என்றால் தளர்வு.

மூன்றாவது காட்டர் பின். பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு இது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். புது வண்டியில் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் இது கொஞ்சம் உட்காரும். உட்கார்ந்தவுடன் நட்டு தளர்ந்து, மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று அடிக்கும். அந்தச் சத்தத்தைப் பெடல் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டால் அடுத்த 20 கிலோமீட்டரில் பின்னின் சரிவு முகம் நசுங்கி, இடது கிராங்கும் வலது கிராங்கும் நேர்க்கோட்டில் இல்லாமல் நொண்டும். அப்படி ஓட்டிய அச்சில் அடுத்த பின்னும் நிற்காது. நட்டைப் பிடித்து இறுக்குவது தவறு. மரை அவ்வளவு தாங்காது, கழன்றுவிடும். கிராங்கின் கீழே ஒரு கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியால் இரண்டு தட்டு, பிறகு நட்டை ஒட்ட வைப்பது. இதுதான் முறை. இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைந்திருக்க வேண்டும். ஒரே வாக்கில் போட்டால் கிராங்குகள் நேர்க்கோட்டில் வராது. பையில் ஒரு உபரிப் பின் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழையதன் தடிமனோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வெவ்வேறு தடிமனில் விற்கிறார்கள்.

சீட்டு உயரத்தைச் சரியாக வைக்காமல் சீட்டையே குறை சொல்கிறவர்கள் அதிகம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊர் வழக்கப்படி உட்கார்ந்தபடியே இரு காலையும் ஊன்றுகிற உயரத்தில் வைத்தால் 30 கிலோமீட்டருக்கு மேல் தொடை எரியும். சுருள் ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு இந்த நிமிர்ந்த உட்காரலுக்குத்தான் செய்தது. மெல்லிய பந்தய சீட்டை இதில் மாட்டுவது வீண் செலவு.

இனி பஞ்சர். கரைப் பாதைகளில் எதிரி சீமைக் கருவேல முள். தார்ச்சாலையை விட்டுக் கரைமேல் ஏறினாலே வெட்டிப் போட்ட கிளைகள் கிடக்கும். வெயில் காலத்தில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். ரோட்ஸ்டரில் பின் சக்கரத்தைக் கழற்றுவது ஒரு யாகம்: செயின் கவர், ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி, கேரியர் கால், பிரேக் எல்லாவற்றையும் தொட வேண்டும். ஆகவே கழற்றக் கூடாது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, இடது பக்க டயர் விளிம்பை மட்டும் நெம்பி எடுத்து, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைப் பார்த்து ஒட்டிவிட்டு உள்ளே தள்ளுவதுதான் ஊர் முறை. பழகினால் கால் மணி நேரம். தவறு நடப்பது ஒரே இடத்தில்: முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். இதைச் செய்யாமல் ஒட்டினால் ஐந்தாவது கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி இறங்கும், பழி சொல்யூஷன்மேல் விழும்.

ஓட்டையே இல்லாமல் ராத்திரியில் காற்று இறங்கினால் சந்தேகப்பட வேண்டியது வால் டியூபை. ரோட்ஸ்டர் வால்வுக்குள் இருக்கும் சின்ன உலோகக் குச்சியின்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய ரப்பர் குழாய் அது. காற்று உள்ளே போக விடும், வெளியே வர விடாது. வெயிலில் நிற்கும் வண்டியில் அது காய்ந்து, வெடித்து, ஓரம் கிழியும். வால்வு வாயில் எச்சில் தடவிப் பார்த்தால் குமிழி வரும். நட்டைக் கழற்றி, பழசை உருவிவிட்டு, புதுத் துண்டை நுனியில் நனைத்து மேலே ஏற்ற வேண்டும். குச்சியின் பக்கத்தில் உள்ள துளையை அது முழுதாக மூடித் தாண்டியிருக்க வேண்டும். கட்டையாக வெட்டியது நிற்காது. மிக மலிவான சாமான், நாலு துண்டு சட்டைப்பையில் கிடக்கட்டும். இந்த வால்வின் சங்கடம் வேறு: பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் இதற்குப் பொருந்தாது, அழுத்தமானி வைத்து அளக்கவும் முடியாது. கை பம்பு கூடவே வர வேண்டும், அளவு கட்டைவிரல்தான். பின் டயரைப் பலமாக அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்க வேண்டும், முன் டயர் அதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கலாம்.

பிரேக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. கம்பி இழுத்து, கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில், ஹப்பைப் பார்த்த முகத்தில், மேல்நோக்கி அழுத்தும். இதனால் ரிம் பக்கவாட்டில் கொஞ்சம் கோட்டமாக இருந்தாலும் பிரேக் உரசாது. ஆனால் ரிம் ஏற்ற இறக்கமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கடிக்கும். காய்ந்த சாலையில், 18 கிலோமீட்டர் வேகத்தில், திட்டமிட்டு நிறுத்தப் போதும். மழையில் போதாது. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் முதல் சில சுற்றுகளுக்குப் பிடியே இருக்காது. ஆகவே பாலம் இறங்கும்முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு பலமாகப் பிடிக்கப் பழக வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். கட்டையைத் தாங்கும் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனை சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டியிருந்தால் அழுத்திய வேகத்தில் கட்டை வழுக்கி வெளியே விழும். புது வண்டியிலும் இதை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். அடிக்கடி மழையில் ஓட்டுகிறவர், கொல்லிமலை ஏற்காடு என்று ஆசைப்படுகிறவர், இந்த வண்டியை மறந்துவிடலாம்.

சக்கரம் மட்டும் யானை பலம். முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக். பின்னால் ஒன்று ஒடிந்தால் பக்கத்து ஸ்போக்கோடு சேர்த்துச் சுற்றிவிட்டு ஊர் போய்ச் சேரலாம். அது வழக்கமாக ஒடிவது ப்ரீவீல் பக்கம், வளைவில். அந்தப் பக்கம் மாற்ற ப்ரீவீலைக் கழற்ற வேண்டும் என்பதால் வழியில் முயல வேண்டாம்.

எப்போது போவது என்பதுதான் இந்த வண்டிக்கு எது எல்லை என்பதையும் சொல்லும். டெல்டாவில் மேடு இல்லை, காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கரூர், திருச்சி தாண்டியும் வலுவாக வீசும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முதுகே பாய்மரம். கிழக்கே போனால் மிதிக்காமலே 15-இல் ஓடுகிற மாதிரி இருக்கும். திரும்பி மேற்கே வந்தால் 20 பல் ப்ரீவீலும் போதாது, 10-ஐத் தாண்டாது. குனிந்து ஓட்ட இந்த ஹேண்டிலில் இடமில்லை. ஹைபிரிட் நிஜமாகவே ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான். மேட்டூர் வழக்கமான ஜூன் 12-ஐ ஒட்டித் திறந்த வருடங்களில் ஆடி மாதம் ஆறும் நிறைந்து, காற்றும் முதுகில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எதிரே வரும், மழையும் உண்டு.

தையில் சம்பா அறுவடை. வானம் தெளிந்து, வெயில் இளசாக இருக்கும். ஆனால் சாலையில் பாதியை நெல்லும் வைக்கோலும் எடுத்துக்கொள்ளும். நெல் காயப்போட்ட இடத்தில் ஏறாமல் ஒதுங்குவது மரியாதை. தவிரவும் பிரேக் பிடித்தால் மணல்போல வழுக்கும். வைக்கோல்மேல் ஓட்டினால் ஒரு நீளத் தாள் பின் ஹப்புக்கும் ப்ரீவீலுக்கும் நடுவே நுழைந்து கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். முதலில் மிதிப்பது கனமாகும், பிறகு மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் தானாகச் சுற்றப் பார்க்கும். இழுத்தால் வராது, பிளேடால் குறுக்கே அறுத்து, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி உருவ வேண்டும். முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் பலர் செயினைக் குறை சொல்வார்கள்.

மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையை விட்டுக் கரைப் பாதையில் இறங்க வேண்டாம். வண்டல் களி டயரோடு உருண்டு மட்கார்டுக்குள் இறுகும், இருநூறு அடியில் முன் சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்தால் இன்னொரு இருநூறு அடி.

டைனமோ வேண்டாம். ஈர டயரில் அதன் தலை வழுக்கும், காய்ந்த டயரில் இழுக்கும். சார்ஜ் போடும் விளக்கு ஒன்றும், பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றும் போதும். சுமைக்குக் கேரியரும், பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டை இரண்டும். கடைகளில் விற்கும் கொக்கிக் கயிற்றைவிட இது நழுவாமல் பிடிக்கும். தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்தால் போதும், டீக்கடை இல்லாத நீளமான தூரம் இந்த வழியில் இல்லை. திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு உடனே ஏறி மிதிப்பது மட்டும் நல்ல யோசனை அல்ல.

விலை, ஒரு சுமாரான கியர் ஹைபிரிடில் பாதிக்கும் கீழேதான் வரும். ப்ரீவீல், ஓவராயில், பம்பு, பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்தாலும் அதை எட்டாது. வாரம் ஒருமுறை 40, 60 கிலோமீட்டர் ஆற்றோரம் போக நினைப்பவருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். 90-ஐ ஒரே நாளில் முடிக்க விடியற்காலை ஐந்துக்கே கிளம்ப வேண்டும். திருவையாற்றில் தங்கி இரண்டாக்கிக்கொள்வது மேல். காரில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுகிறவர்களுக்கு இது சரிவராது. முன் சக்கரத்தை நொடியில் கழற்றும் ஏற்பாடு இதில் இல்லை, தூக்கவும் இரண்டு பேர் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து ரயிலில் அனுப்புவதானால் பார்சல் அலுவலகத்தில் எடைபோட்டுச் சீட்டு வாங்கி, பிரேக் வேன் என்கிற சரக்குப் பெட்டி உள்ள ரயிலில் ஏற்ற வேண்டும். ரயில் நிற்பது சில நிமிடம்தான், முன்கூட்டியே போய்விடுங்கள். பம்பையும் விளக்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஹேண்டிலிலிருந்து இறங்கும் பிரேக் கம்பிகளைச் சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். மூட்டைகள் சாய்ந்து முதலில் வளைவது அந்தக் கம்பிதான். வளைந்தால் கையால் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தியபின் கட்டை இடைவெளியைப் புதிதாக வைக்காமல் ஸ்டேஷன் வாசலில் ஏறி மிதித்துவிடாதீர்கள்.